மாமா ராயக்கோட்டை தாண்டிவிட்டார்

யமுனா தூங்கிக்கொண்டிருந்தாள். அதைத்தான் மாதேஷால் நம்ப முடியவில்லை. சண்டை பாதியில் நிற்கிறது, சொல்ல வேண்டியதில் கால்வாசிகூடச் சொல்லி ஆகவில்லை, இவள் என்னவென்றால் ஆஸ்பத்திரி நர்ஸ் உடுப்பை மாற்றி, முகம் கழுவி, ஈரத் துண்டை நாற்காலியில் விரித்துப் போட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் படுத்தபடியே தூங்கிப்போனாள். நடிக்கிறாளோ என்றுதான் முதலில் நினைத்தான். கதவோரம் நின்று அவள் முதுகைப் பார்த்தான். முதுகு சீராக ஏறி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மெல்லிய குறட்டையும் சேர்ந்துகொண்டது. தனக்குக் குறட்டை வரும் என்று அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை, ஆகவே அதை நடிக்கவும் வழியில்லை. அப்படியானால் நிஜமாகவே தூங்குகிறாள். எப்படி முடிகிறது? காலையில் நைட் டியூட்டி முடிந்து மாடிப்படி ஏறி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "சிந்து போன் பண்ணா. இங்க வந்து தங்கலையாம். ஹாஸ்டல் பாத்துக்கறாளாம். நீ அவகிட்ட என்ன சொன்னே?" என்றாள். சிந்து அவள் தங்கை. ஓசூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, படிப்பு முடிகிறவரை நம்மோடு இருக்கட்டுமா என்று யமுனா போன மாதம் கேட்டாள். அவன் சரி என்றான். கேட்ட உடனே, சோற்றைப் பிசைந்தபடியே, சரி என்றான். அப்புறம் நேற்று சிந்துவே போன் செய்து, "மாமா, எப்ப வரட்டும்?" என்று கேட்டபோது வாய் தானாக வேறொன்றைச் சொல்லிவிட்டது. "வாம்மா, தாராளமா வா. என்ன, இடம்தான் கொஞ்சம் நெருக்கடி. ஹால்லதான் படுக்கணும். உனக்குத்தான் படிக்கக் கஷ்டமா இருக்கும், பாத்துக்க." சொன்னது அவ்வளவுதான். எல்லாமே அந்தப் பெண்ணின் நன்மைக்குச் சொன்னது மாதிரித்தான் இருந்தது. "என்கிட்ட சரின்னே, அவகிட்ட வேற பேசியிருக்கே," என்றாள் யமுனா. "எனக்கு ரொம்பக் கோவம் வருது மாதேஷ். ஆனா ராத்திரி பூரா நின்னிருக்கேன். இப்பப் பேசினா வாயில என்ன வரும்னு எனக்கே தெரியாது. தூங்கி எந்திரிச்சுப் பேசறேன்." சொல்லிவிட்டு, சொன்னபடி தூங்கிவிட்டாள்.

அவன் வளர்ந்த வீட்டில் சண்டை நடக்கும்போது யாரும் தூங்கியதில்லை. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில், ஒரே அறை வீடு அது. அப்பா குரலை ஏற்றினால் அம்மா முதலில் அடுப்பை அணைப்பாள், பிறகு தங்கையை இடுப்பில் தூக்குவாள், பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வருவாள். அப்பா யாரையும் அடித்தவர் இல்லை, பாத்திரத்தைத்தான் எறிவார். ஆனால் பாத்திரம் எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. சண்டை வந்தால் காலில் செருப்பு இருக்க வேண்டும் என்பதை மாதேஷ் எழுத்துப் படிக்கும் முன்பே தெரிந்துகொண்டான். அதனால்தானோ என்னவோ, பேச்சில் லேசாகச் சூடு ஏறினாலே அவன் பாதம் செருப்பைத் தேடும். அதனால்தானோ என்னவோ, யார் எது கேட்டாலும் சரி என்றுவிடுவான். கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொள்ளச் சொன்னாலும் சரி, வீட்டுக்காரம்மா தண்ணீர் மோட்டாரை அவனையே போடச் சொன்னாலும் சரி. சரி என்று சொல்லிவிட்டால் எதிரே இருக்கிற முகம் தெளிந்துவிடுகிறது. அந்தத் தெளிந்த முகம் போதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். யமுனாவின் முகமும் அன்றைக்கு அப்படித்தான் தெளிந்தது. "நிஜமாவா? உனக்கு ஒண்ணுமில்லையே?" என்று இரண்டாம் முறையும் கேட்டாளே. இரண்டாம் முறையும் சரி என்றானே. அவன் ஹாலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி கதவோரம் போய்ப் பார்த்தான். கால்விரல்கள் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தூங்கட்டும். தூங்கினால் கோபம் குறையும். ஏன், கூடவும் செய்யலாம். ராத்திரி முழுக்க நின்ற களைப்பு தீர்ந்து, தெம்பாக எழுந்து, தெம்பாக யோசித்து, இவனோடு இனி முடியாது என்று தெம்பாகவே சொல்லலாம். ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டாளோ? அதனால்தான் தூக்கம் வருகிறதோ? எதற்கும் ஒரு பெரிய மனிதர் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று அவனுக்குத் தோன்றியது அந்த நிமிஷத்தில்தான். தோன்றியதும் கை போனை எடுத்துவிட்டது.

முனிரத்தினம் மாமா, அம்மாவின் தம்பி, முதல் மணியிலேயே எடுத்தார். "என்னா மாப்ள, ஞாயித்துக்கெழமை அதுவுமா?" என்றார். "மாமா, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?" "ஏன், என்னாச்சு?" "யமுனாவுக்கும் எனக்கும் ஒரு சின்ன..." "அடிச்சியா?" "ஐயோ, இல்ல மாமா." "அவ அடிச்சாளா?" அவருடைய சிரிப்பு கரகரவென்று வந்தது. அவனும் சிரித்து வைத்தான். படுக்கையறைப் பக்கம் பார்த்துக்கொண்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "பேச மாட்டேங்கறா மாமா," என்றான். "பேசலியா? அப்ப பெருசுதான். பேசற பொம்பளையைச் சமாளிச்சிடலாம்டா. இரு, பஸ் ஏறிட்டேன்னு வெச்சுக்க." போனை வைத்த பிறகு நெஞ்சு லேசானது. மூட்டையை இன்னொருவர் தோளில் மாற்றிய மாதிரி இருந்தது. லேசான நெஞ்சோடு பால் காய்ச்சினான், டம்ளரில் ஊற்றினான், குடிக்காமல் வைத்தான். பேச மாட்டேங்கறா. அப்படியா சொன்னாள்? தூங்கி எழுந்து பேசுகிறேன் என்றுதானே சொன்னாள். பேச மாட்டேன் என்பதற்கும் அப்புறம் பேசுகிறேன் என்பதற்கும் எவ்வளவு தூரம். ஆனால் அந்த நேரத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் காதில் விழுந்தன. இல்லை, அதுவும் பொய். ஒன்றாக விழவில்லை. அப்புறம் பேசுகிறாளாம் என்று சொன்னால் மாமா, 'அப்ப அப்புறம் பேசுங்கடா' என்று போனை வைத்திருப்பார். அவர் வருவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. பாலின் மேல் ஆடை படிந்துவிட்டது. அவன் சிந்துவிடம் ஒன்று சொன்னான், யமுனாவிடம் ஒன்று சொன்னான், இப்போது மாமாவிடம் ஒன்று.

மாமா செய்யப்போவதற்கு ஊரில் நாயம் பேசுவது என்று பெயர். புருஷன் பெண்டாட்டிக்குள் சச்சரவு என்றால் யாராவது ஒருவர் முனிரத்தினத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவர் தோளில் துண்டோடு வருவார். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைப்பார். முதலில் ஆம்பளையைக் கேட்பார். அவன் சொல்லி முடித்ததும், "சரி, இது ஒரு விஷயமா?" என்பார். அப்புறம் பொம்பளையைப் பார்த்து, "ஏம்மா, அவன்தான் சொல்லிட்டானே, நீ கொஞ்சம் இறங்கி வரக்கூடாதா?" என்பார். கடைசியில் ஒரே டம்ளர் டீயை இரண்டு பேரும் பாதிப் பாதி குடிக்க வேண்டும். குடித்தால் தீர்ந்தது. கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. வேற்று ஊர்ப் பெண், வேற்று வீட்டு வழக்கம் என்று அப்பா முறுக்கிக்கொண்டு நின்றபோது வாணியம்பாடி வரைக்கும் நடையாய் நடந்து யமுனாவின் வீட்டில் பேசி, இந்தக் கல்யாணத்தை முடித்து வைத்ததே அவர்தான். யமுனாகூட அவர் வந்தால் மீன் வாங்கி வரச் சொல்லுவாள். ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. மாமா வருவார், இரண்டு சிரிப்புச் சிரிப்பார், யமுனாவும் சிரிப்பாள், டீ குடிப்பார்கள். யமுனா ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரை அவன் பக்கம் நீட்டுவதை மாதேஷ் நினைத்துப் பார்த்தான். நினைப்பில் அவள் கை நீண்டது, டம்ளர் வந்தது, முகம் மட்டும் வரவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அம்மாவின் முகம் வந்தது. அப்பாவோடு சண்டை வந்து மாமா வீட்டுக்கே போய், ஒவ்வொரு முறையும் நாயம் முடிந்து திரும்பி நடக்கும்போது அம்மாவுக்கு இருக்குமே, அழுது முடித்தது போலவும் இல்லாமல் அழப்போவது போலவும் இல்லாமல், துணி துவைத்துப் பிழிந்த மாதிரி, அந்த முகம்.

போன் அதிர்ந்தது. சத்தம் கேட்டு யமுனா புரண்டாள். அவன் பாய்ந்து எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். "மாப்ள, மாரண்டஅள்ளி வந்தாச்சு. வாயைத் தொறந்தாளா?" "இன்னும் இல்ல மாமா." "என்னா பண்றா?" "தூங்கறா." "சண்டையில தூங்கறாளா? என் சர்வீஸ்ல இப்படி ஒரு கேஸு பாத்ததில்லடா." பக்கத்து சீட்டுக்காரரிடம் திரும்பி, "மருமவ சண்டை போட்டுட்டுத் தூங்குதாம் சார்," என்று அதைச் சொல்வதும் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "மாப்ள, நான் ஒண்ணு யோசிச்சேன். உன் பக்கத்து ஆளா நான் மட்டும் உக்காந்தா அது நாயமில்ல. வாணியம்பாடிக்கு ஒரு போன் போட்டு அவங்கப்பாவையும் வரச் சொல்லிடட்டா? ரயிலைப் புடிச்சா சாயந்திரத்துக்குள்ள வந்துடுவாரு." "வேணாம் மாமா, வேணவே வேணாம்." "ஏன், பெருசு இல்லியா?" "இல்ல மாமா, சின்னதுதான்." "இப்பத்தானடா பெருசுன்னே?" பெருசு என்று சொன்னது அவர்தான், அவன் இல்லை. ஆனால் அதை எப்படிச் சொல்வது. "நீங்க மொதல்ல வாங்க மாமா, வந்து பாத்துக்கலாம்," என்றான். "சரி, வந்தே பேசிக்கறேன்," என்றார். வந்தே என்றால் வந்த பிறகு போன் போடுவாரா? யமுனாவின் அப்பா வந்து இந்த ஹாலில் உட்கார்வதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. முதல்முறை வாணியம்பாடி வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, பிரியாணிக்கு அரிசி குழைந்துவிட்டது என்று அந்த மனிதரும் அவர் மனைவியும் கத்திக்கொண்ட கத்தலில் தெருநாய் ஒன்று குரைத்தது. இவன் இலையை மடித்துவிட்டு எழுந்து, வாசலில் செருப்பைக்கூட மாட்டிக்கொண்டான். "எங்க தம்பி கெளம்பிட்டீங்க?" என்று எல்லோரும் திகைத்துப் பார்த்தார்கள். அப்போதுதான் பார்த்தான், கத்திக்கொண்டே அவர் மனைவிக்குக் கறித்துண்டு பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தார், அவளும் கத்திக்கொண்டே தின்றுகொண்டிருந்தாள். சிந்து அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, உன் ஆளு ஓடப் பாக்கறாரு!" அந்தச் சிந்துவைத்தான் அவன் வர வேண்டாம் என்று சொன்னான். வர வேண்டாம் என்று சொல்லாமல் வர வேண்டாம் என்று சொன்னான்.

ஏன் சொன்னான்? யமுனா எழுந்ததும் முதலில் அதைத்தான் கேட்பாள். சிந்து நல்ல பெண். செலவும் பெரிதாக ஆகாது. ஹாலில் ஒரு பாய் விரித்தால் போதும். அவனே கிருஷ்ணகிரியில் படித்தபோது அத்தை வீட்டில் தங்கிப் படித்தவன்தான். அங்கே வந்து நின்றது நினைப்பு, வந்து நின்றதும் அவன் வேறு பக்கம் போகப் பார்த்தான், பால்கனிக் கம்பியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டான், ஆனாலும் அது போகவில்லை. அத்தை வீட்டுக்காரரும் சரி என்றுதான் சொன்னார். "நம்ம புள்ள, படிக்கட்டும், சரி," என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அப்புறம் அந்த வீட்டில் கதவுக்குப் பின்னால் தாழ்ந்த குரலில் பேச்சு நடக்கும். பேச்சு என்னவென்று கேட்காது, தாழ்ந்திருப்பது மட்டும் கேட்கும். மாதேஷ் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தான் சாப்பிட்ட சோறு அதிகமோ, குளித்த தண்ணீர் அதிகமோ, லைட்டைச் சீக்கிரம் அணைத்திருக்கலாமோ என்று ஒவ்வொன்றாகத் தேடுவான். அவன் குடும்பத்தில் முதன்முதலில் வந்த பட்டம் அந்த ஹாலின் மூலையில், கதவைத் தாண்டி வந்த அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்டபடி படித்து வாங்கியது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்று படுக்கையறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தான், திறந்து மறுபடியும் போட்டுப் பார்த்தான். யமுனா, "என்ன, தாழ்ப்பாள் புதுசா?" என்று கேலி செய்தாள். அவன் வாழ்நாளில் தனக்கென்று ஒரு கதவு அப்போதுதான் வந்தது. அதைத் திறந்துவிட மனமில்லை. அவ்வளவுதான் காரணம், வெறும் சுயநலம், ஆனால் சுயநலம் மட்டும்தானா? சிந்து வந்தால் தானும் அத்தை வீட்டுக்காரர் மாதிரி கதவுக்குப் பின்னால் குரலைத் தாழ்த்திப் பேசுவோம், அதை அந்தப் பெண் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். இதையெல்லாம் யமுனாவிடம் சொல்லலாமா? சொன்னால் என்ன நினைப்பாள்? ஊரார் வீட்டில் தின்று படித்தவன், என் தங்கைக்கு ஒரு மூலை தர மனமில்லாதவன். அப்படித்தானே நினைக்க முடியும்? அவனே அப்படித்தானே நினைக்கிறான்?

"மாப்ள, ராயக்கோட்டை!" என்று மாமா கத்தினார். "தக்காளி சல்லிசா கெடக்குடா இங்க. பஸ் கெளம்பறதுக்குள்ள எறங்கி ஒரு பை வாங்கிட்டேன். அவளுக்குத் தக்காளித் தொக்கு புடிக்கும்ல?" "புடிக்கும் மாமா." "எந்திரிச்சாளா?" "இல்ல மாமா." "பரவால்ல, நான் வந்து எழுப்பிக்கறேன். நீ ஒண்ணும் பேசாத, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு. அவகிட்ட எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியும்." பஸ் கிளம்பும் விசில் கேட்டது, லைன் அறுந்தது. ராயக்கோட்டை தாண்டிவிட்டால் இனி ஓசூர் வரை எங்கேயும் அதிகம் நிற்காது. நான் வந்து எழுப்பிக்கறேன். நைட் டியூட்டி பார்த்துவிட்டுத் தூங்குகிறவள் கண்ணைத் திறந்தால் எதிரில் துண்டும் தக்காளிப் பையுமாக மாமா. அவகிட்ட எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியும். எப்படிப் பேசுவார் என்று மாதேஷுக்கும் தெரியும். ஒருமுறை, அவன் ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது, மாமா வீட்டிலிருந்து திரும்பி வருகிற வழியில், புளியமரத்துப் பக்கம் அம்மா சட்டென்று நின்றாள். அப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார். "என்னம்மா?" என்றான். "ஒண்ணுமில்ல சாமி," என்றாள். பிறகு, அவனிடம் என்றுகூடச் சொல்ல முடியாது, ரோட்டிடம் சொல்வது போலச் சொன்னாள்: "எனக்கு என்ன வேணும்னு யாரும் கேக்கவேயில்லையே." அதற்கப்புறம் எத்தனையோ நாயம் நடந்தது, அம்மாவுக்கு என்னதான் வேண்டியிருந்தது என்று இன்றுவரை அவனுக்கும் தெரியாது. அவனும் கேட்டதில்லை. இங்கே இருக்கிறவளோ தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் படுத்தாள். தூங்க வேண்டும், எழுந்து பேச வேண்டும், அவனோடு. அவனோடு என்று சொன்னாளா? சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பாள்.

மாமாவைத் திருப்பி அனுப்ப முடியாது. பாதி வழி வந்தவரை, தக்காளியோடு வருகிறவரை, கல்யாணத்தை முடித்து வைத்தவரை, வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது? ஆனால் ஒரு வழி இருக்கிறது. நல்ல வழி. இவள் எழுவதற்குள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடலாம். மாமாவைப் பார்த்து, எல்லாம் சரியாகிவிட்டது மாமா, இப்பத்தான் பேசினாள், சிரித்தாள், களைப்பாக இருக்கிறது என்று மறுபடி படுத்துவிட்டாள் என்று சொல்லலாம். பிரியாணி வாங்கிக் கொடுத்து அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடலாம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. யமுனாவுக்குத் தெரியவே வேண்டாம். மாதேஷ் சட்டையை மாட்டினான், வண்டிச் சாவியைச் சத்தம் வராமல் எடுத்தான், கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் படியிறங்கினான். கீழே வீட்டுக்காரம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்ன தம்பி, இன்னிக்கும் டூட்டியா? உங்க வீட்டம்மா வந்துட்டாங்களா?" "வந்துட்டாங்கம்மா. தூங்கறாங்க." "நீங்க எங்க?" "இங்கதான், பக்கத்துல." இது நான்காவது பொய். ஒவ்வொருவரிடமும் ஒன்று. வண்டியின் மேல் கை வைத்தபடி நின்றான். வெயில் ஏறியிருந்தது, சீட் சுட்டது. அவள் எழுந்து பார்ப்பாள், ஹாலில் ஆள் இருக்காது. அப்போது என்ன நினைப்பாள்? சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுத் தூங்குகிறவள் அவனை ஒரு பொருட்டாக எண்ணாமல் தூங்குகிறாள் என்றுதானே காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கும்போது அவன் இருப்பான் என்பதில் சந்தேகமே இல்லாமல் தூங்கியிருந்தால்? அப்படியும் இருக்கலாம் என்பது அவனுக்கு அதுவரை தோன்றவே இல்லை. ஆனால் அவள் எழும்போது அவன் இருக்க மாட்டான், இதோ வண்டிப் பக்கத்தில் நிற்கிறான். அவன் படியேறினான். "என்ன தம்பி, மறந்துட்டீங்களா?" என்று கீழிருந்து குரல் வந்தது. "ஆமாம்மா," என்றான், அதுவும் சரியான பதில் இல்லை.

நோயாளிகளை எழுப்பும்போது தலைமாட்டில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது, திடுக்கிடுவார்கள், காலைத் தொட வேண்டும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். போர்வைக்கு வெளியே இருந்த கால்விரலைத் தொட்டான். "யமுனா." கண்ணைத் திறக்காமலே, "மணி என்ன?" என்றாள். "முனிரத்தினம் மாமா வந்துக்கிட்டிருக்காரு." அவள் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "யாருக்கு என்ன ஆச்சு? உங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" "யாருக்கும் ஒண்ணுமில்ல. நான்தான் கூப்பிட்டேன். நம்ம விஷயமா நாயம் பேச." அவள் அவனையே பார்த்தாள். கன்னத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருந்தது. "நான் தூங்கறப்பவா?" "ஆமா." "என்ன சொல்லிக் கூப்பிட்டே?" இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. சும்மாதான் கூப்பிட்டேன் என்கிற பதில் நாக்கு நுனி வரை வந்தது, அதை விழுங்கினான். "நீ பேச மாட்டேங்கறேன்னு சொன்னேன்." "நான் பேச மாட்டேன்னு சொன்னேனா?" "இல்ல." "என்ன சொன்னேன்?" "தூங்கி எந்திரிச்சுப் பேசறேன்னு." "அப்புறம்?" அவள் குரல் ஏறியது. இந்த வீட்டில் இத்தனை மாதங்களில் அவள் குரல் இவ்வளவு ஏறி அவன் கேட்டதில்லை. "நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல எதுக்குடா ஆளு? இன்னிக்கு மாமா, நாளைக்கு எங்கப்பா, அதுக்கப்புறம் உன் மேனேஜரா? ஆஸ்பத்திரி வாட்ச்மேன்கூட ரொம்ப நல்ல மனுஷன், அவரையும் கூப்பிடு! எனக்குப் பேச வாய் இல்லையா? உனக்குக் கேக்கக் காது இல்லையா?" கீழே கீரை ஆய்கிறவளின் காதுக்கு ஒரு சொல்லும் தப்பியிருக்காது. மாதேஷ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பாதம் அரித்தது. "போகப் போறியா?" என்றாள். "இல்ல." "கால் வாசலைப் பாக்குது." "அது பாக்குது. நான் போகல."

அவள் முகத்தை இரண்டு கைகளாலும் அழுந்தத் துடைத்தாள். "எனக்கு இப்ப ரெண்டு கோவம். காலையில இருந்தது ஒண்ணு, நீ சேத்து வெச்சது ஒண்ணு. எதை மொதல்ல பேசறே?" "காலையில இருந்ததை." "பேசு." ஒரு சொல்தான், அதைச் சொன்னால் அந்த முகம் மாறிவிடும், மாறிய முகத்தின் எதிரில் நிற்க வேண்டும். "சிந்து வந்து தங்கறதுல எனக்கு இஷ்டமில்ல," என்றான். சொல்லிவிட்டான். எதுவும் எங்கேயும் விழுந்து உடையவில்லை, ஆனால் அவள் முகம் அவன் பயந்தபடியே மாறியது. "அவ என் தங்கச்சி மாதேஷ்." "தெரியும்." "தெரிஞ்சுதான் சொல்றியா?" "தெரிஞ்சுதான் சொல்றேன்." அவள் கண் நிறைந்தது. அழாதே, சரி, வரட்டும், வரச் சொல்லு என்று சொல்லத் துடித்த வாயை அவன் மூடிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "ஏன்னு சொல்லு," என்றாள். கிருஷ்ணகிரியில் இருந்து ஆரம்பித்தான். கதவைச் சொன்னான், கதவுக்குப் பின்னாலிருந்த குரலைச் சொன்னான், தாழ்ப்பாளைச் சொன்னான், சொல்லும்போதே எல்லாம் சின்னதாகவும் கேவலமாகவும் தெரிந்தது. அவள் குறுக்கே பேசவில்லை, தலையும் ஆட்டவில்லை. "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா அவளுக்கு நான் வேற வழி பாத்திருப்பேன். ரெண்டு தடவை கேட்டேன் உன்னை," என்றாள். "சொன்னா நீ..." "நான்?" "போயிடுவேன்னு." "இதுக்கா? இதுக்கு நான் எங்கடா போவேன்? அழுவேன், கத்துவேன். அதுக்குக்கூட விடலையே நீ." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

கட்டிலின் மேல் போன் அதிர்ந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். "என்ன சொல்லட்டும்?" என்றான் மாதேஷ். "உன் மாமா. நீ கூப்பிட்டவர். என்னைக் கேக்காத," என்றாள் அவள். அவன் எடுத்தான். பின்னால் ஓசூர் பஸ் ஸ்டாண்டின் அத்தனை சத்தமும் கேட்டது. "மாப்ள, எறங்கிட்டேன். ஆட்டோ பேசிட்டேன். எந்திரிச்சாளா?" "எந்திரிச்சிட்டா மாமா. பேசிக்கிட்டிருக்கோம்." "பேசிட்டாளா! அப்ப தீந்துதா?" "தீரல மாமா. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கோம்." மூச்சை இழுத்துக்கொண்டான். "நான் உங்ககிட்டத் தப்பாச் சொல்லிட்டேன் மாமா. பேச மாட்டேன்னு அவ சொல்லவேயில்ல. நான்தான் பயந்துட்டு உங்களைக் கூப்பிட்டேன்." நிறுத்தாமல் தொடர்ந்தான். "நீங்க வாங்க மாமா. இங்கதான் சாப்பிடணும். ஆனா நாயம் வேணாம். எங்க தெரு முக்குல ஒரு டீக்கடை இருக்கு. கொஞ்ச நேரம் அங்க உக்காந்திருங்க. முடிச்சிட்டு நானே வந்து கூட்டிக்கிட்டு வர்றேன்." "ஏண்டா," என்றார் மாமா. குரலில் சிரிப்பு இல்லை. "தாய்மாமனை டீக்கடையில உக்கார வெச்சிட்டு நீங்க ரெண்டு பேரும் உள்ள சண்டை போடுவீங்களா?" வேறு ஏதாவது சொல்லி இதை மெத்தென்று ஆக்க முடியுமா என்று தேடினான். எதுவும் இல்லை. "ஆமா மாமா," என்றான். ஒரு பஸ் நெடுநேரம் ஹாரன் அடித்தது. அதற்குப் பிறகு மாமாவின் குரல் தூரத்தில், ஆட்டோக்காரரிடம் பேசுவது கேட்டது: "ஏம்ப்பா, அந்தப் பக்கம் டீக்கடையில வடையாவது நல்லாருக்குமா?" லைன் நின்றது. மாதேஷ் போனைக் கட்டிலில் வைத்தான். யமுனா சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சினாள், காலை மடக்கி நேராக உட்கார்ந்தாள், கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. அவன் ஜன்னலை விட்டுவிட்டு வந்து அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான்.